பிரமுவுக்குப் பிடிச்சது

கொஞ்சம் அந்தப் பக்கமா நவுந்துக்கோம்மா. மடியில தூக்குச்சட்டி இருக்கு, சாஞ்சிரக் கூடாது. ஆங், போதும். ஜன்னல் ஓரம் நீயே இரு, எனக்குக் காத்து ஆகாது.

அம்பாசமுத்திரத்துக்கா? நானும் அம்பைக்குத்தான். நல்லதாப் போச்சு. எறங்கும்போது இதை ஒரு கை பிடிச்சுக்கோ.

உள்ள என்னன்னு கேக்க, அதான? வாடை அடிக்குல்லா. சுண்டக்கறி. எந்த ஊரு நீ? மதுரையா? பேங்க்ல மாத்தலாகி வந்திருக்கியாக்கும். அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்காது. விருந்தன்னைக்கு வச்ச சாம்பார், அவியல், புளிக்கறி, பொரியல்னு எது மீந்தாலும் மறுநாள் எல்லாத்தையும் ஒரே சட்டியில கொட்டி, தீயைக் கொறச்சு வச்சு, கெட்டியாகுற வரைக்கும் சுண்ட விடுறது. பழசுதான். ஆனா அதுக்குன்னு ஒரு ருசி. இதைத்தான் இன்னைக்கு ஒரு திதிக்குப் படையல் இலையில வைக்கக் கொண்டு போறேன்.

பாத்தியா, நீயே முழிக்க. திதிக்குப் பழசை வைக்கலாமான்னுதான? வைக்கக் கூடாது. எனக்கும் தெரியும். அங்க ஒருத்தி இருக்கா, அந்த வீட்டு மருமக. சட்டியத் தொறந்ததும் அவ என்ன சொல்லுவா, நான் என்ன சொல்லணும்னு பஸ் ஸ்டாண்டுல இருந்து யோசிச்சிக்கிட்டேதான் வாரேன்.

யாருக்குத் திதியா? எங்க நாத்தனாருக்கு. பிரமநாயகின்னு பேரு, பிரமு பிரமும்பாவ. எங்க வீட்டுக்காரவியளுக்கு ஒரே தங்கச்சி. அவ போயி இன்னைக்கு வருசம் திரும்புது. அவளப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லப் போறேன்னு நினைக்காத. செத்தவளக் குறை சொல்லக் கூடாதும்பாங்க. நான் எங்க குறை சொல்லுதேன்? நடந்ததச் சொல்லுதேன்.

அவளுக்கு ஞாபகசக்தி. அம்புட்டுத்தான் அவ குத்தம். ஆனா அப்படி ஒரு ஞாபகசக்தி ஒருத்திக்கு இருக்கக் கூடாதும்மா, அதுவும் நாத்தனாருக்கு இருக்கவே கூடாது.

எங்க வீட்டுக்காரவியளுக்குப் பிறந்த நட்சத்திரம் அனுசம், ஆவணி மாசம். நான் ஞாபகம் வச்சிருப்பேன். வச்சிருப்பேன்னு சொல்லுதேன், கேட்டியா? முந்துன நாளே கேலண்டரப் பாத்து, எண்ணெய் எடுத்து வச்சு, பாயாசத்துக்குப் பால் சொல்லி, எல்லாம் தயாரா இருப்பேன். விடிஞ்சும் விடியாம ஃபோன் அடிக்கும். 'மதினி, இன்னைக்கு அண்ணனுக்கு நட்சத்திரம். மறந்துராதிய.' முடிஞ்சுதா? அந்த ஃபோன் அடிச்ச பெறகு நான் ஞாபகம் வச்சிருந்தேன்னு எவன்கிட்டப் போயிச் சொல்ல? அவ சொல்லித்தான் நான் பாயாசம் வச்சேன்னு ஆயிப்போச்சு. வருசா வருசம் இதே கதை.

ஒரு வருசம் எனக்குப் பொறுக்கல. அவ முழிக்குறதுக்கு முன்னாடியே நான் முழிச்சு, அவியள எழுப்பி உக்கார வச்சுத் தலையில எண்ணெயத் தேச்சிட்டேன். ஜெயிச்சிட்டேன்னு நினைச்சேன். அந்த மனுசன் தலையக் குனிஞ்சு உக்காந்துக்கிட்டு என்ன கேட்டாவ தெரியுமா? 'பிரமு இன்னும் ஃபோன் பண்ணலையே, மேலுக்குச் சரியில்லையோ?' எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே தலையில கவுத்துருவோமான்னு வந்துச்சு. சத்தியமா.

இது கூடப் போகட்டும். அவியளுக்கு ஒரு தடவை காய்ச்சல் முத்திப் போயி ஆஸ்பத்திரியில சேத்தோம். டாக்டர் கேக்காரு, எந்த ஊசியாவது ஒத்துக்காதான்னு. நான் அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல, எல்லாம் தாங்குற உடம்புன்னேன். நர்ஸ் ஊசியக் கையில எடுத்துட்டா. அந்த நேரம் பாத்து இவ அம்பையில இருந்து ஃபோன். என்ன ஊசி போடுதாங்க, டாக்டர்கிட்டக் குடுங்கன்னு ஒரே பிடிவாதம். குடுத்தேன். அவ சின்னப் பிள்ளையில நடந்த கதையச் சொல்லுதா. அண்ணனுக்குக் கால்ல ஆணி ஏறி, ஆஸ்பத்திரியில ஊசி போட்டு, மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சுத் திணறி, அவிய அப்பா தூக்கிட்டு ஓடுனாங்களாம். ஊசி பேரு மொதக்கொண்டு சொன்னா. டாக்டர் ஃபோனை எங்கையில குடுத்துட்டு, 'நீங்க அவரு சம்சாரம்தான?'ன்னாரு.

அந்தக் கேள்விய இன்னைக்கும் மறக்கல நான். உயிரக் காப்பாத்துனா, இல்லன்னு சொல்லல. வீட்டுக்கு வந்த பெறகு அழுதேன். அவிய பொழச்சதுக்கு அழுதேன்னு எல்லாரும் நினைச்சாங்க. பாதி அதுக்குத்தான்.

டிக்கெட்டா? எடுத்தாச்சுப்பா, ஏறும்போதே எடுத்தாச்சு.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங். இவ்வளவு பெரிய ஞாபகசக்திக்காரியே ஒரு விசயத்துல கோட்டை விட்டா. அதைச் சொன்னா சிரிப்ப. பின்னால அவியளுக்குச் சக்கரை வந்துச்சு, நட்சத்திரப் பாயாசம் கூட நின்னு போச்சு. டாக்டர் இனிப்பைக் கண்ணால பாக்கக் கூடாதுன்னுட்டாரு. இவ எங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் கருப்பட்டி மிட்டாய் ஒரு டப்பாவுல போட்டு வாங்கிட்டு வருவா. நல்ல மிட்டாய், மொறுமொறுன்னு, கடிச்சா உள்ள பாகு எறங்கும். 'அண்ணனுக்கு'ன்னு சொல்லிக்கிட்டே எங்கையில குடுப்பா. சக்கரைக்காரனுக்கு மிட்டாய்! நான் வாயத் தொறக்க மாட்டேன். மறக்கட்டும், நல்லா மறக்கட்டும், இதுலயாவது மறக்காளேன்னு உள்ளுக்குள்ள ஒரு குளிர்ச்சி. யாரு தின்னதா? நான்தான். வீணாப் போகவா விடமுடியும்? எனக்கும் கருப்பட்டின்னா பிடிக்கும், சின்ன வயசுல இருந்தே. யாருகிட்டயும் சொல்லிக்கிட்டது இல்ல.

சேரன்மாதேவியா இது? சரி, சரி, இன்னும் நேரம் கெடக்கு.

அவிய போயிச் சேந்த பெறகு மொத வருசத் திதி வந்துச்சு. படையல்ல போனவங்களுக்குப் பிடிச்சதெல்லாம் வைக்கணும்லா. உங்க ஊருலயும் அப்படித்தான? நான் சொதி வச்சேன். தேங்காப்பால்ல பாசிப்பருப்பும் காயும் போட்டு வைக்கிறது, கூட இஞ்சித் துவையல். அவியளுக்கு சொதின்னா உயிரு. நான் கோவிச்சுக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாப் போதும், 'ஏ செண்பகம், இன்னைக்கு ஒரு சொதி வையேன்'னு அடுக்களை வாசல்ல வந்து நிப்பாவ. சண்டைக்கு நடுவுலயும் அதைக் கேக்கணும்னா எவ்வளவு ஆசை இருந்திருக்கணும்! ரெண்டு தடவை ஊத்திக்கிடுவாவ. சாப்பிட்டுட்டு, ஓமத்தை வாயில போட்டுக்கிட்டு மொட்டை மாடியில அங்கயும் இங்கயும் நடப்பாவ. சாப்பிட்டா நடக்கணும்னு அவியளுக்கு ஒரு நல்ல பழக்கம்.

இலையப் போட்டு, சொதிய நடுவுல வச்சிருக்கேன். வந்து நிக்கா பிரமு, கையில ஒரு தூக்குவாளி. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். இலையப் பாத்தா. 'அய்யோ மதினி, அண்ணனுக்கு சொதி ஆகாதே. தேங்காப்பால் குடிச்சா நெஞ்சு கரிக்கும்னு எங்க அம்மா ஊத்தவே மாட்டாளே. அவனுக்கு உளுந்தஞ்சோறுல்லா பிடிக்கும்'னுட்டா. கூடியிருந்தவங்க முன்னால சொல்லுதா, பாத்துக்கோ. எனக்கு எப்படி இருந்திருக்கும்! நாங்க வாழ்ந்த வாழ்க்கை பூரா, மாசத்துக்கு நாலு தடவை ஊத்தினவ நான். எனக்குத் தெரியாத நெஞ்சு கரிப்பு இவளுக்கு எப்படித் தெரியும்? 'கல்யாணத்துக்கு முந்தி ஆகாம இருந்திருக்கும், நான் வச்சா ஆச்சு'ன்னேன். அவ உளுந்தஞ்சோத்த எடுத்து என் சொதிக்குப் பக்கத்துல வச்சா. நான் நவுத்தல, நவுத்துனா நாலு பேரு பாப்பாங்க.

பெறகு காக்கைக்கு வைக்கணும்லா. இலையில இருந்து எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்து மாடிச் சுவர்ல வச்சாச்சு. நான் இந்தப் பக்கம் நிக்கேன், அவ அந்தப் பக்கம் நிக்கா. ரெண்டு பேரும் கா கான்னு கூப்பிடுதோம். ஒரு காக்கா வந்துச்சு. கழுத்தைச் சாய்ச்சு அவளப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. நேராப் போயி உளுந்தஞ்சோத்துல வாய வச்சிட்டு. பிரமு கையெடுத்துக் கும்பிட்டு 'அண்ணே'ன்னு அழுதா. எனக்கு அழுகையும் வரல ஒண்ணும் வரல. அந்தக் காக்காவ அம்பையில இருந்தே கூட்டிட்டு வந்திருப்பாளோன்னுதான் தோணுச்சு.

மறு வருசம் நான் என்ன செஞ்சேன்? சொதியும் வச்சு, உளுந்தஞ்சோறும் நானே வச்சிட்டேன். அவ கொண்டு வாரதுக்கு இலையில எடம் இருக்கக் கூடாதுன்னு. அவளும் கொண்டு வந்தா. ஆக ஒரே இலையில ரெண்டு உளுந்தஞ்சோறு, நடுவுல சொதி. அய்யரு கூடச் சிரிச்சாரு. காக்கா வந்து அப்பளத்தைத் தூக்கிட்டுப் போயிட்டு. ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டோம். அன்னைக்கும் அவ கருப்பட்டி மிட்டாய் கொண்டு வந்திருந்தா. அண்ணன் படத்துக்கு முன்னால வச்சிட்டுப் போனா. செத்த மனுசனுக்கு மிட்டாய், எப்படி!

சரி, சுண்டக்கறிக்கு வாரேன்.

பொங்கலுக்கு மறுநாள் அவ எங்க வீட்டுக்கு வருவா, அண்ணனப் பாக்க. அன்னைக்கு எல்லா வீட்டுலயும் சுண்டக்கறிதான். வந்ததும் நேரா அடுக்களைக்கு வந்து சட்டிய மோந்து பாப்பா. 'அண்ணனுக்குப் பிடிக்கும் மதினி, அவனுக்குக் கொஞ்சம் எடுத்து வைங்க'ம்பா. அண்ணனுக்கா பிடிக்கும்? அந்த மனுசன் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாசலுக்குப் போயிருவாவ. பெறகு இவ, யாரும் பாக்கலன்னு நினைச்சுக்கிட்டு, பழைய சோத்தை அந்தச் சட்டியிலயே போட்டுப் பெசஞ்சு, நின்னுக்கிட்டே தின்பா. அடியில பிடிச்சிருக்குமே கருகல், அதைக் கரண்டியால சுரண்டுவா. அந்தச் சத்தம் எனக்குக் கூடத்துல கேக்கும். ஒரு வார்த்தை, 'எனக்குப் பிடிக்கும், குடுங்க'ன்னு கேட்டது கெடையாது. நானும் 'இந்தா'ன்னு குடுத்தது கெடையாது. 'சவம், மீந்து போயிக் கெடக்கு. கொட்டுறதுக்கு முந்தி தின்னுட்டுப் போ'ம்பேன். அம்புட்டுத்தான் எங்க பேச்சு.

போன வருசம் திடீர்னு போயிட்டா. துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தவ அப்படியே சரிஞ்சிட்டா. நான் போனேன், இருந்தேன், செய்ய வேண்டியதச் செஞ்சேன், வந்தேன்.

இப்ப, இந்த வாரத் தொடக்கத்துல ஃபோன். அவ மகன் ஈஸ்வரமூர்த்தி. 'அத்தை, அம்மாவுக்குத் திதி வருது. என்ன வைக்கணும்னு கேக்காங்க. அம்மாவுக்கு என்ன அத்தை பிடிக்கும்?'ங்கான். பெத்த மகன் கேக்கான்! உனக்குத் தெரியாதாடான்னேன். 'அம்மா எல்லாமே சாப்பிடுவாங்களே அத்தை. நாங்க சாப்பிட்ட பெறகு என்ன இருக்கோ அதைச் சாப்பிடுவாங்க. கவிதா கேசரி செய்யலாம்ங்கா'ன்னான். கவிதாதான் அந்த மருமக.

எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சு தெரியுமா? சந்தோசமா இருந்துச்சு. பொய் சொல்லுவானேன்? அண்ணனுக்கு அது பிடிக்கும், அண்ணனுக்கு இது ஆகாதுன்னு ஊருக்கெல்லாம் ஞாபகப்படுத்துனியே, இப்ப உனக்கு ஞாபகம் வைக்க ஒரு நாதி இல்லையேன்னு. 'எனக்கு எப்படிடா தெரியும், உங்க அம்மா எங்கிட்டச் சொல்லுவாளா?'ன்னு சொல்லி வச்சிட்டேன். வச்சிட்டு அரிசி களையப் போனேன்.

அரிசி களையும்போதே ஆரம்பிச்சிட்டு. கேசரியா? அவ கேசரியத் தொட மாட்டாளே. நெய் வாடை ஆகாது அவளுக்கு. காப்பிய ஒரே தடவையில குடிக்க மாட்டா, பாதியை மூடி வச்சு ஆறவிட்டுக் குடிப்பா. பாவக்காய்னா கொமட்டும், ஆனா அண்ணன் தட்டுல இருந்தா எடுத்துத் தின்னுருவா, அவிய வீணாக்குனா நான் ஏசுவேன்னு. மோருக்கு உப்புப் போடாம ஊறுகாயக் கரைச்சுக்கிடுவா. அப்பளத்தை முழுசா வச்சுக்கிட்டே இருந்து கடைசி வாய்க்கு நொறுக்குவா. எனக்கே திகைப்பாப் போச்சு. இதெல்லாம் எனக்கு எதுக்கு? அவ அண்ணனப் பத்தி நான் இவ்வளவு சொல்லியிருந்தா அந்த டாக்டர் அப்படிக் கேட்டிருப்பாரா? பிடிக்காதவ ஒருத்தி வீட்டுக்குள்ள வந்தா கண்ணு அவ மேலயேதான இருக்கும்? அதான். வேற ஒண்ணும் இல்ல.

ரெண்டு நாள் பொறுத்துப் பாத்தேன். கேசரி, கேசரின்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. அந்தக் கவிதா நெய்ய ஊத்திக் கிண்டி இலையில வைக்கப் போறா, இவ வந்து பாத்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போகப் போறா. போகட்டுமேன்னு இருக்கணும்லா? இருக்க முடியல.

சுண்டக்கறின்னா மீந்தது வேணும். விருந்து இல்லாம எப்படி மிஞ்சும்? அதனால நேத்து விருந்து சமைச்சேன். சாம்பார், அவியல், புளிக்கறி, சேனைக்கெழங்குப் பொரியல், வாழைக்காப் புட்டு. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்து, மகன் பெங்களூருல இருந்து வாரானா அக்கான்னு கேட்டா. அவன் எங்க வாரான்? ஆமா வாரான்னுட்டேன். வேற என்னத்தச் சொல்ல? ஒரு கரண்டி கூட வாயில வைக்கல நான். எச்சிலாயிரும்லா. படையலுக்குப் போறது சுத்தமா இருக்கணும். மீதியா இருக்கணும், ஆனா யாரும் சாப்பிட்டு மீந்ததா இருக்கக் கூடாது. நேத்து ராத்திரி நான் சாப்பிட்டது ரெண்டு இட்லி, அதுவும் கடையில வாங்குனது. காலையில எல்லாத்தையும் சட்டியில கொட்டிச் சுண்ட வச்சேன். அடியில கொஞ்சம் பிடிக்கட்டும்னு விட்டுட்டேன். அந்தக் கருகலச் சுரண்டி ஒரு ஓரமா மேல வச்சிருக்கேன். அது இல்லன்னா அவ திரும்பிப் பாக்க மாட்டா.

கவிதா மட்டும் வாயத் தொறக்கட்டும். 'படைக்கிறதுக்குன்னே சமைச்சது இது, ஒரு ஈ எறும்பு தொடல, உன் மாமியாருக்கு என்ன பிடிக்கும்னு நீ சொல்லு பாப்போம்'னு கேப்பேன். கேக்கத்தான் போறேன். பெறகு காக்காவக் கூப்பிடட்டும். கேசரியத் தொடுதா, இதைத் தொடுதான்னு பாக்கேன். இதைத்தான் தொடுவா. உப்பு கொறச்சல் மதினின்னு சொல்லிக்கிட்டே தொடுவா.

கல்லிடைக்குறிச்சி தாண்டிட்டா? ஆமா, அந்தா பாலம். தண்ணி நல்லாப் போகுது இந்த வருசம்.

என்னம்மா கேக்க? எந்த மிட்டாய்? கருப்பட்டி மிட்டாயா? அண்ணனுக்குத்தான் கொண்டு வந்தா. அண்ணனுக்குன்னு சொல்லித்தான குடுப்பா. சக்கரை இருக்குறது அவளுக்குத் தெரியாதான்னா, தெரியாம என்ன? மாத்திரை பேரெல்லாம் என்னையவிட அவளுக்குத்தான... ஊசி பேரையே மறக்காதவ...

அவிய போன பெறகுமா? ஆமா, சொன்னேனே. கொண்டு வந்தா. படத்துக்கு முன்னால வச்சா. சாயந்தரம் நான்தான் எடுத்து... அவ அடுத்து வரும்போது டப்பாவத் திருப்பிக் கேப்பா. 'காலியாயிட்டா மதினி?'ன்னு கேப்பா. நான் எறும்பு வந்துட்டு, கொட்டிட்டேன்னு சொல்லுவேன். சரின்னு வாங்கிட்டுப் போவா. அடுத்த தடவை திரும்பவும் கொண்டு வருவா.

நீ ஏம்மா என்னைய அப்படிப் பாக்க?

சொல்லியிருக்கலாம்லா. ஒரு வார்த்தை. 'மதினி, இது உங்களுக்கு'ன்னு. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தா? எல்லாத்தையும் சொன்னவ, அதை மட்டும் சொல்லாம...

இந்தா, இதைக் கொஞ்சம் பிடி. பைய. சாய்க்காத, கருகல் மேல இருக்கு. கண்ணுல தூசி விழுந்துட்டு, காத்து ஆகாதுன்னு சொன்னேம்லா.

ஏம்மா, உனக்கு அம்பையில அந்தக் கடை தெரியுமா? கருப்பட்டி மிட்டாய் போடுற கடை. மொறுமொறுன்னு, உள்ள பாகு எறங்கும், அந்த மிட்டாய். நீ வந்தே கொஞ்ச நாளுதான, உனக்கு எங்க தெரியும். ஈஸ்வரமூர்த்திக்கும் தெரியாது, அவன்கிட்ட என்னத்தக் கேக்க? இலையில ஒரு ஓரமா ரெண்டு மிட்டாய் வச்சிட்டு, பெறகு நானே எடுத்துத் தின்னுருவேன், அவ பாக்க. அவ எந்தக் கடையில வாங்குவா? இத்தனை வருசம் அவளையே பாத்துக்கிட்டு இருந்தேன், அதை மட்டும் நான் கேக்கவே இல்லையேம்மா.